ஆணியில் தொங்கிய தையல்

எங்கள் ஊர் மாவு மில்லுக்குக் கோணி தைக்க வந்தபோது நஸ்ஸரேனாவுக்குப் பதினான்கு வயது. படம் வரைகிற ருஜேரோ அவளுடைய தையலைச் சட்டம் போட்டபோது நாற்பத்தேழு. இடைப்பட்ட காலத்தில் அவள் கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டு பெண்களைப் பெற்றுக் கட்டிக்கொடுத்தாள், ஒரு யுத்தத்தைக் கடந்தாள், முன்பல் ஒன்றைப் பறிகொடுத்தாள். ஆனால் உன்னைப் பற்றிச் சொல் என்று யாராவது கேட்டால் இதில் ஒன்றையும் சொல்ல மாட்டாள். தன்னுடைய கோணி ஒன்றுகூட ஆணிக்குப் போனதில்லை என்பாள். கேட்டவர் வெளியூர்க்காரராக இருந்தால் விழிப்பார். எங்களுக்கு அது போதும்.

ஆணி என்றால் மில் முற்றத்தில், மூட்டை அடுக்கும் கிட்டங்கிக் கதவுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில் அடித்திருந்த ஆணி. கிழிந்த கோணிகளைத் தைக்க ஆறு பெண்கள் அந்த முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். தையலை முடிக்கும் இடத்தில் ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஒரு முடிச்சு வைத்திருந்தாள். ஜெலிந்தா இரட்டை முடிச்சுப் போட்டு வாலை நீளமாக விடுவாள். நஸ்ஸரேனா நூலை மூன்று சுற்றுச் சுற்றி, வாலே தெரியாமல் உள்ளே இழுத்துவிடுவாள். விரலால் தடவினால் ஒரு பட்டாணி அளவுக்குத் தட்டுப்படும். வண்டியில் ஏற்றும்போது ஏதாவது மூட்டை தையல்விட்டு மாவு கொட்டினால், மேஸ்திரி ப்ரீமோ அந்தக் கோணியைக் கொண்டுவந்து முடிச்சு வெளியே தெரியும்படி ஆணியில் மாட்டுவார். திட்ட மாட்டார், கூலியிலும் கைவைக்க மாட்டார். தைத்தவள் தானே எழுந்து போய் அதை இறக்கி, மற்றவர்கள் பார்த்திருக்கத் திரும்பத் தைக்க வேண்டும். தைத்து முடித்ததும் மேஸ்திரி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். தாங்கினால் விஷயம் தீர்ந்தது. ஆனாலும் அந்த ஆணிவரைக்கும் நடந்து போகிற பத்தடி தூரம் இருக்கிறதே, அதற்குப் பதில் ஒரு வேளைச் சோற்றை விட்டுவிடலாம் என்பார்கள். ஜெலிந்தா பதினோரு தடவை நடந்திருக்கிறாள். மற்றவர்கள் மூன்று, ஐந்து. நஸ்ஸரேனா நடந்ததே இல்லை.

அவளுடைய புருஷன் உபால்தோ சைக்கிள் ரிப்பேர் செய்பவன். இளவயதில் கிழிந்துபோன ஒரு பையை எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்து, இதைத் தைத்துக் கொடு, பிய்ந்தால் திரும்ப வருவேன் என்று நஸ்ஸரேனாவிடம் வம்பு செய்தவன். பை பிய்யவே இல்லை, ஆனாலும் தினமும் வந்தான். அந்தப் பை இருபத்தைந்து வருஷமாக அவனுடைய சைக்கிளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, நாலு சாமான் வைத்தால் தரையைத் தொடும் அளவுக்குத் தளர்ந்து. தையல் மட்டும் அப்படியே. அவள் சந்தோஷமான பெண்தான் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கல்லில் சுட்ட ரொட்டிக்குள் பன்றி ஈரலை வைத்துத் தின்றுவிட்டு, ஒரு கிளாஸ் சிவப்பு ஒயினோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அவளுக்கு இந்த உலகத்தின் மேல் ஒரு புகாரும் கிடையாது.

ருஜேரோ எங்கள் தபால்காரரின் மகன். யுத்தம் முடிந்ததும் ரோமுக்குப் போனான், படம் வரைகிறான் என்றார்கள். ஐம்பத்துமூன்றாம் வருஷம் இலையுதிர் காலத்தில் திரும்பி வந்து, மேட்டுத் தெருவில் காலியாகக் கிடந்த புகையிலைக் கொட்டடியைப் பிடித்துக்கொண்டான். ஒருநாள் மில்லுக்கு வந்து, எதற்கும் உதவாத பழைய கோணி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டான். மேஸ்திரி பின்பக்கம் இருந்த குவியலைக் காட்டினார். சந்தையில் தர்பூசணி பொறுக்குகிறவன் மாதிரி இரண்டு மணி நேரம் அதில் கிடந்தான். நல்லதாக இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, ஒட்டுப் போட்டது, தைத்தது, கறை பிடித்தது என்று பார்த்துப் பார்த்து எடுத்தான். இதில் என்ன செய்யப்போகிறாய் என்று ஜெலிந்தா கேட்டாள். படம் வரையப்போகிறேன் என்றான்.

"கோணி மேலயா?"

"கோணியவே படமாக்கப்போறேன், அக்கா."

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தபால்காரர் வீட்டில் ஒரே பிள்ளை, யுத்தத்தில் என்னென்ன பார்த்ததோ என்று நினைத்துக்கொண்டு அவனுக்கு ரொட்டியும் வெங்காயமும் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் மருந்துக்கடை டாக்டர் பெல்லாந்திக்குக் கல்யாணம். ருஜேரோ அவருக்கு ஒரு படத்தைப் பரிசாகக் கொடுத்தான். ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் உயரம், அவ்வளவுதான். பழுப்புக் கோணி, அதன் ஒரு ஓரத்தில் தார் மாதிரி கறுப்புச் சாயம், கீழே ஒரு மூலையில் கட்டைவிரலால் தேய்த்தது போல் கொஞ்சம் சிவப்பு. நடுவில் நீளமாக ஒரு பழைய தையல், பாதியில் வாய் பிளந்திருந்தது. அதற்குள்ளும் கறுப்பு. ரோமில் இவனைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறார்கள், இவன் காலத்துக்கு முன்னால் ஓடுகிறவன் என்று டாக்டர் எல்லோரிடமும் சொன்னார். புதுப்பெண்டாட்டி ஃபொஸ்காவோ, ஓடட்டும், ஆனால் என் வீட்டுச் சாப்பாட்டு அறைக்குள் ஓட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதனால் படம் மருந்துக்கடைக்கு வந்தது. கல்லாவுக்குப் பின்னால், ஜாடிகளுக்கும் எடை பார்க்கும் இயந்திரத்துக்கும் நடுவில், டாக்டர் தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டினார்.

அங்கேதான் தப்பு நடந்தது. டாக்டர் பெருஜாவில் படித்தவர், எங்கள் மில் முற்றத்துக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. தான் என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. இருமல் மருந்து வாங்கப் போன ஜெலிந்தாவுக்குத் தெரிந்தது. அவள் மருந்தை மறந்துவிட்டு, மூச்சு வாங்க முற்றத்துக்கு ஓடிவந்தாள்.

"நஸ்ஸரேனா, உன் முடிச்சு ஆணியில தொங்குது."

நஸ்ஸரேனா சிரித்தாள். கதவுப் பக்கம் பார்த்தாள். ஆணி காலியாக இருந்தது.

"இங்க இல்லடி. மருந்துக்கடையில. தையல் பிஞ்சு, ஆ-ன்னு வாயத் தொறந்துக்கிட்டு. ஊரே பாக்குது."

ஜெலிந்தா கெட்டவள் இல்லை. ஆனால் பதினோரு தடவை நடந்தவளுக்கு அன்று மனசு கொஞ்சம் குளிர்ந்திருக்காதா? குளிர்ந்ததை அவள் மறைக்கவும் இல்லை.

நஸ்ஸரேனா அன்று சாயங்காலம் மில் விட்டதும் மருந்துக்கடைக்குப் போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள். முடிச்சு அவளுடையதுதான். தையலின் இரு முனையும் உறுதியாக இருக்க, நடுவில் மட்டும் இழைகள் விட்டிருந்தன. எப்படி விட்டன என்று பார்க்கலாமென்றால் இழைகளின் நுனியெல்லாம் அந்தக் கறுப்புச் சாயத்தில் புதைந்து கிடந்தது. ஒரு ஆஸ்பிரின் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். தலைவலி கடையில்தான் ஆரம்பித்தது.

அந்த வாரம் முழுக்க அவள் சரியாக இல்லை. ஊர் சிரித்தது அவளுக்குப் பெரிதில்லை. அவளைக் குடைந்தது வேறு. ஜெர்மன்காரர்கள் ஊரில் இருந்த குளிர்காலம் ஒன்று இருந்தது. சணல் கிடைக்காமல் காகிதத்தில் முறுக்கிய நூலைக் கொடுத்தார்கள். விரலெல்லாம் குளிரில் வெடித்திருந்தது, வயிற்றில் ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் தைத்தது எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. அப்போது தைத்த கோணியாக இருந்தால்? மேஸ்திரியின் கண்ணில் படாமல் எங்கேயோ பிய்ந்து, யாரோ குவியலில் போட்டிருந்தால்? ஆணிக்குப் போனதே இல்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தது பொய்யாகிவிடுமே.

உபால்தோ அவளைத் தேற்றுகிற ஆள் இல்லை, சீண்டுகிற ஆள். ராஜாக்களையும் மாதாவையும்தான் சட்டம் போட்டு மாட்டுவார்கள், இப்போது உன் கோணியையும் மாட்டியிருக்கிறார்கள், பெருஜாவிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்க்கிறார்களாமே என்றான். அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். சூப்பில் உப்புப் போட மறந்திருந்தாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"போய்க் கேட்டுட வேண்டியதுதானே?"

"என்னன்னு கேக்கறது? பிஞ்சுபோச்சா, பிச்சியான்னா? பிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டான்னா?"

"சொன்னா என்ன பண்ணுவ?"

"தைப்பேன். வேற என்ன பண்றது."

சொன்ன பிறகு அதுதான் வழி என்று அவளுக்கே பட்டது. கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஆணியில் தொங்கினால் இறக்கித் தைக்க வேண்டும், மற்றவர்கள் முன்னால் தைக்க வேண்டும். முப்பது வருஷமாக மற்றவர்கள் செய்து அவள் பார்த்த வழக்கம்தானே?

வியாழக்கிழமை எங்கள் சந்தை. மதியம் பன்னிரண்டு மணிக்கு நஸ்ஸரேனா நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கட்டிய மேல்துணியின் பையில் கோணி ஊசியும் மெழுகு தடவிய சணல் நூலும் எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். டாக்டர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஃபொஸ்கா கடையில் நின்றாள். மேஸ்திரி ப்ரீமோ மூட்டுவலித் தைலத்துக்காகக் காத்திருந்தார். ஜெலிந்தா அன்றைக்காவது இருமல் மருந்தை வாங்கிவிடலாமென்று வந்திருந்தாள். இன்னும் நாலைந்து பெண்கள் கூடையோடு நின்றார்கள். அந்தப் படத்தைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்கள் அம்மா, தைக்க வேண்டும் என்று நஸ்ஸரேனா கேட்டாள். இப்படி யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்றுதான் ஃபொஸ்கா கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தாள். மறுபேச்சில்லாமல் இறக்கிக் கொடுத்தாள்.

கல்லாவிலிருந்து பெஞ்சுக்கு எட்டடி. நஸ்ஸரேனா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். காது மடல் வரைக்கும் அவளுக்குச் சிவந்திருந்தது. மேஸ்திரி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்து, சட்டத்தை மடியில் வைத்து, சாயம் காய்ந்து விறைத்திருந்த கோணியில் ஊசியை ஏற்றினாள். பத்து நிமிஷம் ஆனது. மூன்று சுற்றுச் சுற்றி நூலை உள்ளே இழுத்தாள். படத்தில் இப்போது பிளவு இல்லை. ஒழுங்காகத் தைத்த ஒரு கோணித்துண்டு, அதில் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் சிவப்பு.

அந்த நேரம் பார்த்து டாக்டர் கழுத்தில் துணியும் கையில் பாதி ஆரஞ்சுமாக வெளியே வந்தார். பார்த்தார். ஆரஞ்சை எடை இயந்திரத்தின் மேல் வைத்தார். சத்தமே வரவில்லை அவருக்கு. ஃபொஸ்காவிடம் ருஜேரோவைக் கூப்பிடு, சதுக்கத்துக் காப்பிக்கடையில்தான் இருப்பான் என்று கையால் காட்டினார். அவள் ஓடினாள்.

ருஜேரோ வந்தபோது கடைக்குள் நிற்க இடமில்லை. சந்தையில் பாதி வாசலில் நின்றது. அவன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். கோபப்படவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, தையலின் மேல் விரலை ஓட்டினான்.

"என்ன அக்கா இது?"

"ஆணியில தொங்கிச்சு. தைச்சேன்" என்றாள் நஸ்ஸரேனா. "இனி மேஸ்திரி இழுக்கணும்."

டாக்டருக்கு அப்போதுதான் குரல் வந்தது. இது கலைப்படைப்பு, யாரும் எதையும் இழுக்கக்கூடாது என்றார். ஆனால் மேஸ்திரி ஏற்கெனவே தொப்பியை ஜெலிந்தாவிடம் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நூறு கிலோ மூட்டையைத் தோளில் போட்டு ஏணி ஏறியவர். தையலின் இரண்டு பக்கமும் கோணியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். சட்டத்து மரம் கிறீச்சிட்டது. மறுபடி மூச்சுப்பிடித்து இழுத்தார். காய்ந்த சாயத்தில் இரண்டு பொருக்கு உதிர்ந்தது. தையல் அசையவில்லை.

"தாங்குது" என்றார் மேஸ்திரி.

மில் வழக்கப்படி விஷயம் அதோடு தீர்ந்திருக்க வேண்டும். நஸ்ஸரேனா எழுந்திருக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு ருஜேரோவையே பார்த்தாள். இது தாங்குகிறது சரி, அது ஏன் தாங்கவில்லை? அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

ருஜேரோ மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, மேஸ்திரி. அது கைக்கு வராது. நான் காலையில ஆரம்பிச்சு மத்தியானம் வரைக்கும் இழுத்தேன். முட்டியக் குடுத்து இழுத்தேன். அப்புறம் வேற வழியில்லாம அப்பாவோட சவரக்கத்திய எடுத்துத்தான் அறுத்தேன்."

"அறுத்தியா?" என்றாள் நஸ்ஸரேனா.

"நடுவுல நாலு இழைதான். கத்தி பாழாப்போச்சு. அப்பா இன்னிக்கும் அதச் சொல்லித் திட்டுறாரு."

வாசலில் நின்றவர்களில் யாரோ, ஆமாம், டாக்டர் கல்யாணத்துக்குத் தபால்காரர் நாலு நாள் தாடியோடு வந்தாரே என்றார்கள். எல்லோருக்கும் அது ஞாபகம் இருந்தது. தேவாலயத்தில் அவர் அப்படி வந்து நின்றதைப் பற்றி ஊர் ஒரு வாரம் பேசியிருந்தது. மனைவியோடு சண்டை என்றுகூடச் சொல்லியிருந்தோம்.

நஸ்ஸரேனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமையால்தான், வேறொன்றுமில்லை. குளிர்காலத்தில் தைத்ததோ, வெயில்காலத்தில் தைத்ததோ, அது தானாக விடவில்லை. இளம் பிள்ளை ஒருவன் முட்டி கொடுத்தும் விடவில்லை.

"முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?"

"யாரும் அதக் கேக்கலியே அக்கா. இது என்ன படம், இது என்ன படம்னுதான் எல்லாரும் கேட்டாங்க."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணப் பரிசு போயிற்று என்று முனகினார். அறுத்ததை மறுபடி அறுத்துவிடேன் என்று ருஜேரோவைக் கெஞ்சினார். ருஜேரோ தலையை ஆட்டினான். திறந்திருந்தால் படம், மூடியிருந்தால் கோணி, அது உண்மைதான். ஆனால் அன்றைக்கு யார் தைத்தது என்று தெரியாமல் அறுத்தேன், இன்றைக்குத் தெரியும், அக்கா உட்கார்ந்திருக்கும்போது என் கை வராது என்றான். கோணியாகவே இருக்கட்டும் டாக்டர், நான் உங்களுக்கு வேறொன்று செய்து தருகிறேன்.

நஸ்ஸரேனா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மெலிந்த பையன், சட்டைக் கையில் சாயம். தன் வேலை கெட்டுப்போய்விட்டதே என்று முகத்தில் இருந்தது, ஆனால் வாயில் வரவில்லை. ஒருவன் வேலையை இன்னொருத்தி கெடுப்பது அவளுக்கு எந்த நாளும் ஆகாத காரியம்.

"ஒரு பிளேடு குடுங்க, டாக்டர்" என்றாள்.

டாக்டர் புதுப் பொட்டலத்தையே பிரித்துக் கொடுத்தார். எங்கே அறுக்க வேண்டும் என்று அவள் ருஜேரோவைக் கேட்டாள். அவன் விரலால் காட்டினான்: இங்கேயிருந்து இதுவரைக்கும். அவள் தன் தையலைத் தானே அறுத்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு இழைக்கும் மூன்று நான்கு இழுப்புத் தேவைப்பட்டது. இவ்வளவு கெட்டியாகவா தைக்கிறோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நாலாவது இழை விட்டதும் கோணி மெதுவாக வாய் திறந்தது, உள்ளே கறுப்பு தெரிந்தது. அவளுக்கு அது பிடித்திருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் நிச்சயம்.

பிறகு எழுந்து, பெண்களைப் பார்த்து, முக்கியமாக ஜெலிந்தாவைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்:

"எல்லாரும் பாத்துக்குங்க. இது பிஞ்சது இல்ல. அறுத்தது."

ஜெலிந்தா தொப்பியை மேஸ்திரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். அறுத்த நுனியை நகத்தால் தொட்டாள். அறுத்ததுதான் என்று ஒத்துக்கொண்டாள். பதினோரு தடவை நடந்தவள் சொன்னால் அதற்குமேல் எங்கள் ஊரில் அப்பீல் கிடையாது.

மேஸ்திரி தைலம் வாங்கிக்கொண்டு போனார். கூட்டம் கலைந்தது. எடை இயந்திரத்தின் மேல் டாக்டரின் ஆரஞ்சு காய்ந்துபோயிருந்தது. ஃபொஸ்கா மட்டும் பழைய இடத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள், அவளுடைய நல்ல காலம் அரை மணி நேரம்தான் நீடித்தது. டாக்டர் படத்துக்குக் கை நீட்டினார். நஸ்ஸரேனா கொடுக்கவில்லை.

உபால்தோ வீட்டு வாசலில் ஒரு சக்கரத்துக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தான். செய்தி அரைகுறையாக அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அவள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் வரை காத்திருந்தான்.

"தைச்சியா?"

"தைச்சேன்."

"அப்ப இனிமே ஆணியில தொங்காது."

"தொங்குது" என்றாள் நஸ்ஸரேனா. காலை நீட்டிச் செருப்பைக் கழற்றினாள். "நான்தான் மாட்டிட்டு வந்தேன்."